ரசீது வேறு, பதில் வேறு

பெங்களூர்: மென்பொருள் நகரத்தின் கதை – அத்தியாயம் 23

2007 அக்டோபர். பெங்களூர் கோரமங்களாவில் ஒரு வாடகை வீடு. அங்கிருந்து ஃபிளிப்கார்ட் என்ற பெயரில் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியிருந்த சச்சின் பன்சாலுக்கும் பின்னி பன்சாலுக்கும் முதல் ஆர்டர் வந்தது. ஆர்டர் கொடுத்தவர் அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகரில் இருந்தார். அவர் கேட்டது ஜான் வுட் எழுதிய புத்தகம். மைக்ரோசாஃப்ட் வேலையை உதறிவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நூலகம் கட்டப் போன தன் கதையை அவர் அதில் சொல்லியிருக்கிறார்.

இணையதளம் ஆர்டரை வாங்கிக்கொண்டது. புத்தகம்தான் கையில் இல்லை. இருவரும் பெங்களூரின் புத்தகக் கடைகளை ஏறி இறங்கினார்கள். கடைசியில் சப்னா புத்தகக் கடையில் ஒரு பிரதி அகப்பட்டது. அதை வாங்கிக் கட்டி அனுப்பினார்கள்.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையைப் பலரும் சொல்வதுண்டு. நம் தொடருக்கு இது இன்னொரு காரணத்தால் வேண்டியதாகிறது. மகபூப்நகர்க்காரர் பொத்தானை அழுத்தியதும் திரையில் பதில் வந்துவிட்டது. அந்தப் பதிலுக்குரிய வேலையோ, இரண்டு பேர் கடை கடையாக அலைந்த பிறகுதான் முடிந்தது. திரைக்கு முன் காத்திருப்பவருக்குக் கையோடு பதில் வேண்டும். வேலைக்கு அதற்கான நேரம் வேண்டும். இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே பாலம் போடுவதுதான் அடுத்த 15 ஆண்டுகளில் பெங்களூர்ப் பொறியாளர்கள் செய்த பெரிய வேலை. வெளியே தெரியாத வேலை என்பதால் அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

சென்ற அத்தியாயத்தில், இன்போசிஸின் ஃபினாக்கிள் போன்ற மென்பொருள்கள் வங்கிக் கிளைகளின் பேரேடுகளை ஒரே கணினிக்குள் கொண்டுவந்ததைப் பார்த்தோம். அந்தக் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய கதை இது.

மணியார்டர் பாரம்

பாலத்தைப் புரிந்துகொள்ள ஒரு மணியார்டர் பாரம் போதும். பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதித் தபால் நிலையத்தில் நின்று தர்மபுரிக்கோ வேலூருக்கோ பணம் அனுப்பிய தலைமுறை இன்னும் இருக்கிறது. பாரத்தை நிரப்பிப் பணத்தோடு கவுண்டரில் நீட்டுவார்கள். குமாஸ்தா எண்ணிப் பார்த்து, முத்திரை குத்தி, எண் போட்ட ஒரு சின்ன ரசீதைக் கிழித்துக் கொடுப்பார். அவ்வளவுதான், அடுத்த ஆள் வரலாம்.

அந்த ரசீது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “உன் பணத்தை நாங்கள் வாங்கிக்கொண்டோம்.” ஊரில் அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்று அது சொல்லவில்லை. சில நாள் கழித்து, பாரத்தின் இன்னொரு துண்டு தபால்காரர் கையில் திரும்பி வரும். அதில் அம்மாவின் கையெழுத்து இருக்கும், எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. அதுதான் பதில். ரசீதிலும் அந்தத் துண்டிலும் ஒரே எண். அந்த எண்தான் இரண்டையும் கட்டிப்போட்ட கயிறு.

1880 முதல் இந்திய அஞ்சல் துறை நடத்திவந்த இந்த ஏற்பாட்டில் மூன்று விஷயங்கள் இருந்தன: கையோடு ரசீது, வேலையோடு பயணம் செய்யும் எண், முடிந்த பிறகு தனியாக வரும் பதில். அம்மா கைநாட்டு வைக்கும்வரை கவுண்டர் குமாஸ்தா காத்திருந்தால் தபால் நிலையம் ஒரு நாளைக்கு ஒரு மணியார்டர்கூட அனுப்பியிருக்காது. ரசீதே கொடுக்காமல் “போய் வாருங்கள்” என்று சொல்லியிருந்தால் யாரும் பணத்தை நீட்டியிருக்க மாட்டார்கள். 2015 ஏப்ரலில் அஞ்சல் துறை பழைய மணியார்டரை நிறுத்திக்கொண்டது. சரியாக ஓராண்டு கழித்து வந்த யுபிஐ, அதே மூன்று விஷயங்களின் மேல்தான் கட்டப்பட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

200, 202

இணையத்தின் அடிப்படை மொழியான எச்டிடிபி ஒரு கேள்வி-பதில் மொழி. உலாவி கேட்கும், சர்வர் அதே இணைப்பில் பதில் சொல்லும், பதில் வரும்வரை இணைப்பு திறந்தே இருக்கும். பொறியாளர்கள் இதைச் சிங்க்ரனஸ் என்பார்கள். நாம் ‘கையோடு பதில்’ என்று வைத்துக்கொள்வோம். பதிலோடு ஒரு மூன்று இலக்க எண்ணும் வரும். 200 என்றால் வேலை முடிந்தது. 1996 இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் 202 என்று இன்னோர் எண்ணும் இருக்கிறது. அதற்குப் பொருள், “வாங்கிக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை.” மணியார்டர் ரசீதுக்கு இணையத்தில் கிடைத்த பெயர் அது.

வாங்கிக்கொண்ட வேலையை எங்கே வைப்பது? செய்தி வரிசையில். ஒரு மென்பொருள் செய்தியைப் போட்டுவிட்டுப் போகும்; இன்னொன்று தன் வேகத்துக்கு எடுத்து வேலை செய்யும். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை. இந்த வகைதான் ஏசிங்க்ரனஸ். வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் இது பழைய பழக்கம். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1980களில் அமெரிக்கப் பங்கு வணிகர்களின் மேசைகளுக்குச் செய்தி கடத்தும் மென்பொருளை உருவாக்கினார். அது பின்னாளில் டிப்கோ நிறுவனமாக வளர்ந்தது. ஐபிஎம் 1993 இல் எம்க்யூசீரிஸைக் கொண்டுவந்தது. ஜேபி மோர்கன் வங்கியில் ஜான் ஓஹாரா 2003 இல் தொடங்கிய முயற்சியிலிருந்து ஏஎம்க்யூபி என்ற பொது விதிமுறை பிறந்தது. அதைப் பின்பற்றி 2007 இல் ரேபிட்எம்க்யூ வந்தது, இலவசமாக, யாரும் திறந்து பார்க்கக்கூடியதாக. லிங்க்டின் நிறுவனம் 2011 இல் காஃப்காவைத் திறந்துவிட்டது.

கேள்வி-பதில் மொழியையும் செய்தி வரிசையையும் இணைக்கும் வேலையை நம் பக்கத்திலேயே ஒரு நகரம் முன்னெடுத்தது. 2005 இல் சஞ்ஜீவ வீரவரண இணைந்து தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பொறியாளர்கள் கொழும்பில் இருந்துகொண்டு, ஒருபுறம் இணையக் கோரிக்கையையும் மறுபுறம் செய்தி வரிசையையும் பிடித்துத் தரும் இடைநிலை மென்பொருளை எழுதினார்கள். உலகமெங்கும் பெரிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தின. பெங்களூருக்கோ இந்தத் தேவை ஒரு நாட்டின் அளவில் வந்தது.

ஒப்புகைச் சீட்டு

2009 இல் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் அமைந்தது. நந்தன் நிலகேணி தலைவரானார். தொழில்நுட்ப மையம் பெங்களூரில் அமைந்தது. தலைமைக் கட்டமைப்பாளர் பிரமோத் வர்மா. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் தெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன.

ஆதார் பதிவு மையத்தில் கைரேகை வைத்து, கண்ணைக் காட்டி, போட்டோ எடுத்துக்கொண்ட அனைவருக்கும் ஒரு அச்சிட்ட சீட்டு கிடைத்தது நினைவிருக்கும். அதில் 14 இலக்கப் பதிவு எண்ணும், பதிவு செய்த நாளும் நேரமும் நொடிவரை இருந்தன. ஆதார் எண் மட்டும் அதில் இல்லை. அதைக் கையோடு தர வழியில்லை. புதிதாக வந்தவர் ஏற்கெனவே வேறு பெயரில் பதிந்திருக்கிறாரா என்று அறிய, அவரது கைரேகையையும் கருவிழியையும் அதுவரை பதிந்த அத்தனை பேருடையதோடும் ஒப்பிட்டாக வேண்டும். பத்துக் கோடிப் பேர் இருந்தால் பத்துக் கோடி ஒப்பீடு. ஒரு நாளில் 10 லட்சம் பேர் பதிந்த காலம் அது.

ஆகவே பதிவுப் பொட்டலங்கள் பூட்டிய உறைபோலக் குறியாக்கம் செய்யப்பட்டு பெங்களூருக்கு வந்தன. அங்கே கட்டம் கட்டமாகப் பிரித்த வேலைகள், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு வரிசை. அந்த வரிசைகளைத் தாங்கியதில் ரேபிட்எம்க்யூவுக்குப் பங்கு உண்டு. ஒரு கட்டம் சுணங்கினால் அதன் வாசலில் பொட்டலங்கள் சேருமே தவிர, முந்தைய கட்டம் நிற்காது.

இதே ஆதாருக்கு இன்னொரு வாசலும் இருந்தது. ரேஷன் கடையிலோ வங்கியிலோ “இவர் இவர்தானா?” என்று கேட்டால், ஒரே ஒருவரின் பதிவோடு ஒப்பிட்டால் போதும். அதற்கு ஆம், இல்லை என்று கையோடு பதில் வந்தது. எது கையோடு முடியும், எது முடியாது என்று முதலிலேயே பிரித்து, முடியாததற்கு நேர்மையாக ஒரு சீட்டைக் கொடுத்ததுதான் அந்தக் கட்டமைப்பின் பலம்.

வாரதி

ஃபிளிப்கார்ட்டுக்குத் திரும்புவோம். 2014 அக்டோபர் 6. ‘பிக் பில்லியன் டே’ என்ற பெயரில் ஒருநாள் விற்பனை. வழக்கத்தைப் போல 20 மடங்கு கூட்டத்துக்குத் தயாராக இருந்தார்கள். ஏறக்குறைய 5,000 சர்வர்கள் நிறுத்தப்பட்டிருந்தன. வந்த கூட்டம் அதையும் மிஞ்சியது. பக்கங்கள் திறக்காமல் பிழைச் செய்திகள் வந்தன. வாங்கிய பொருள்கள் ரத்தாயின. மறுநாள் சச்சினும் பின்னியும் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள்.

இப்படிப்பட்ட நாளில் ஒரு ஆர்டர் என்ன பாடுபடும் என்று பார்த்தால்தான் பாலத்தின் அருமை புரியும். ஆர்டரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கிடங்குக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வேலை. முதலாவது முடிந்து, இரண்டாவது தொடங்கும் முன் சர்வர் விழுந்துவிட்டால்? வாடிக்கையாளரிடம் “வாங்கிக்கொண்டோம்” என்று சொல்லியாகிவிட்டது. கிடங்குக்கோ விஷயமே தெரியாது. ரசீது உண்டு, வேலை இல்லை. இதைவிட மோசமான நிலை இந்தத் தொழிலில் கிடையாது.

ஃபிளிப்கார்ட் பொறியாளர்கள் இதற்காக ‘ரெஸ்ட்பஸ்’ என்ற செய்தி வண்டியை உருவாக்கினார்கள். அதன் உத்தி எளிமையானது. ஆர்டரை எழுதும் அதே பதிவேட்டில், அதே மூச்சில், “கிடங்குக்குச் சொல்” என்ற செய்தியையும் எழுதிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தே பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது. பிறகு ஒரு தனி வேலையாள் அந்தச் செய்திகளை எடுத்து வரிசையில் போடுவார். வரிசையின் மறுமுனையில் இருப்பவர் அதைச் சாதாரண இணையக் கோரிக்கையாக மாற்றிக் கிடங்கின் கதவைத் தட்டுவார். கதவு திறக்காவிட்டால் மறுபடி தட்டுவார். பலமுறை தட்டியும் திறக்காத செய்தியை ஓரங்கட்டிவிடுவார். சில்க் போர்டு சந்திப்பில் பழுதாகி நிற்கும் பஸ்ஸை ஓரங்கட்டாவிட்டால் ஓசூர் சாலையே நின்றுபோகும் அல்லவா, அதேபோலத்தான்.

இந்த வண்டியின் வழிவந்த மென்பொருளை ஃபிளிப்கார்ட் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன் பெயர் வாரதி. தெலுங்கில் வாரதி என்றால் பாலம். கன்னட நாட்டுத் தலைநகரில் உட்கார்ந்து எழுதிய மென்பொருளுக்குத் தெலுங்குப் பெயர், அதுதான் பெங்களூர்.

மறுபடி தட்டுவதில் ஒரு ஆபத்து உண்டு. முதல் தட்டிலேயே கதவு திறந்து, வேலையும் நடந்து, “நடந்தது” என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இரண்டாம் முறை தட்டினால் ஒரே புத்தகம் இரண்டு முறை போய்விடும். அதனால்தான் வேலையோடு எண்ணும் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. “இந்த எண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டேன், வேலையும் முடிந்துவிட்டது” என்று கிடங்கு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். புத்தகம் இரண்டு முறை போனால் நஷ்டம் சிறிது. பணம் இரண்டு முறை போனால்?

பத்து ரூபாய்க்குப் பத்துச் செய்தி

2010 நவம்பரில் இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் ஐஎம்பிஎஸ் சேவையைத் தொடங்கியது. வங்கிவிட்டு வங்கிக்கு உடனே பணம் போகும் வழி அது. அந்தத் தண்டவாளத்தின் மேல், யாரும் எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்தச் செயலி வழியாகவும் பணம் அனுப்பக்கூடிய ஏற்பாட்டை அடுத்துச் சிந்தித்தார்கள். கழகம் இருப்பது மும்பையில். அதற்கு ஆலோசகராக இருந்தவர் நந்தன் நிலகேணி. கட்டமைப்பை வரைந்ததில் பிரமோத் வர்மாவுக்கும், பெங்களூரில் 2013 இல் உருவான ஐஸ்பிரிட் அமைப்பின் தன்னார்வலர்களுக்கும் பங்கு உண்டு. ஆதாரைக் கட்டியவர்களின் அனுபவம் அப்படியே இங்கு வந்து சேர்ந்தது.

யுபிஐயின் விதிமுறை ஆவணத்தில் ஒரு முடிவு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது: எந்தக் கோரிக்கைக்கும் அதே இணைப்பில் பதில் கிடையாது. ஒப்புகை மட்டும்தான். பதில் தனிச் செய்தியாக, தனி இணைப்பில் வரும்.

டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் செயலியின் வங்கி, கழகத்தின் மையக் கணினிக்கு “பணம் கொடு” என்று செய்தி அனுப்புகிறது. “வந்து சேர்ந்தது” என்ற ரசீது கொடுத்து மையம் இணைப்பை மூடிவிடுகிறது. பிறகு கடைக்காரர் தரப்பிடம், “இந்த முகவரி எந்தக் கணக்கு?” என்று கேட்கிறது. அதற்கு ஒரு ரசீது. விவரம் தனியாக வருகிறது. அடுத்து உங்கள் வங்கிக்கு “கழி” என்று ஒரு செய்தி. “கழித்தேன்” என்று தனியாக ஒரு செய்தி. கடைக்காரரின் வங்கிக்கு “வரவு வை”; “வைத்தேன்.” கடைசியில் உங்கள் தரப்புக்கு ஒரு முடிவுச் செய்தி, கடைக்காரர் தரப்புக்கு ஒரு உறுதிச் செய்தி, அதற்கொரு மறுமொழி. ஆக மொத்தம் பத்துச் செய்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசீது. எல்லாவற்றிலும் ஒரே பரிவர்த்தனை எண்.

ஏன் இவ்வளவு சுற்று? இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் என்ன? ஒவ்வொரு திறந்த இணைப்பும் கவுண்டரில் ஒரு குமாஸ்தாவைப் பிடித்து வைப்பதற்குச் சமம். நூற்றுக்கணக்கான வங்கிகளில் ஒன்று மட்டும் சுணங்கினாலும், அதன் பதிலுக்காகக் காத்திருக்கும் இணைப்புகள் மையத்தை நிரப்பிவிடும். நன்றாக ஓடும் வங்கிகளின் வாடிக்கையாளருக்கும் கவுண்டர் இருக்காது. ரசீது கொடுத்து விடுவித்துவிட்டால், மெதுவான வங்கியின் சுணக்கம் அந்த வங்கியோடு போகும்.

2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில், ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐயைத் தொடங்கிவைத்தார். ஆகஸ்ட் 25 முதல் 21 வங்கிகளின் செயலிகள் மக்களுக்குக் கிடைத்தன. ஃபிளிப்கார்ட்டில் பணியாற்றி வெளியே வந்த சமீர் நிகம், ராகுல் சாரி, பர்சின் இன்ஜினியர் மூவரும் 2015 இறுதியில் பெங்களூரில் தொடங்கிய போன்பேயும் அந்த ஆகஸ்டிலேயே களத்துக்கு வந்தது. டிசம்பர் 30 அன்று வந்த பீம் செயலியை உருவாக்கியதிலும் பெங்களூர் நிறுவனமான ஜஸ்பேக்குப் பங்கு உண்டு.

யார் காத்திருக்கிறார்?

இந்தச் செயலிகளை எழுதியவர்கள் முன் நின்ற சிக்கல்தான் இந்த அத்தியாயத்தின் மையம். பின்னால் எல்லாம் தனித்தனிச் செய்திகள். முன்னால், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்கு மணியார்டர் கணக்கில் சில நாள் காத்திருக்க முடியாது, டீ ஆறிவிடும்.

போனிலிருந்து வந்த கோரிக்கையை ஒரு சர்வர் பிடித்து வைத்திருக்கிறது. முடிவுச் செய்தி வரும்போது அது வந்து இறங்குவது இன்னொரு சர்வரில். அந்தச் சர்வருக்கு யார் காத்திருக்கிறார் என்று தெரியாது. ஆகவே எல்லாச் சர்வர்களும் பார்க்கும் பொதுவான ஒரு குறிப்பேடு வேண்டும்: இந்தப் பரிவர்த்தனை எண், இன்ன நிலை, இன்னார் காத்திருக்கிறார். செய்தியை வாங்கியவர் குறிப்பேட்டில் எழுதுவார். காத்திருப்பவர் அங்கே பார்த்துத் தெரிந்துகொள்வார்.

காத்திருப்பவருக்கு விஷயத்தைச் சேர்ப்பிக்க மூன்று வழிகள் உண்டு. சில நொடிகள் இணைப்பைப் பிடித்து வைத்துப் பார்ப்பது ஒன்று. போனே சிறிது நேரத்துக்கு ஒருமுறை “ஆயிற்றா?” என்று கேட்பது இரண்டாவது. வேலை முடிந்ததும் நாமே போய்ச் சொல்வது மூன்றாவது. 2014 இல் தொடங்கிய ரேசர்பே போன்ற நிறுவனங்கள் கடைக்காரர்களின் இணையதளங்களுக்கு மூன்றாவது வழியைக் கொடுத்தன. கடையின் சர்வர் பதில் சொல்லாவிட்டால் 24 மணி நேரம்வரை இடைவெளி விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருக்கும். கடைவீதியில் “பத்து ரூபாய் பெறப்பட்டது” என்று பேசும் சின்ன ஒலிபெருக்கியும் மூன்றாவது வழியைச் சேர்ந்ததுதான். 2019 இல் பேடிஎம் அதை அறிமுகப்படுத்தியது. 2022 இல் போன்பேயும் கொண்டுவந்தது. உள்ளே ஒரு சிம் கார்டு. எந்நேரமும் செய்திக்காகக் காது கொடுத்து நிற்கும் பெட்டி அது.

இத்தனைக்குப் பிறகும் தீராத ஒரு நிலை உண்டு. உங்கள் வங்கி கழித்துவிட்டது. கடைக்காரரின் வங்கியிடமிருந்து பதிலே இல்லை. பணம் வரவு வைக்கப்பட்டு, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். வரவே வைக்கப்படாமலும் இருக்கலாம். திருப்பிக் கொடுத்தால் பணம் இரண்டு இடத்திலும் இருக்கக்கூடும். கொடுக்காவிட்டால் எங்குமே இல்லாமல் போகக்கூடும். கொடுப்பனவுக் கழகத்தின் விதிகளில் இதற்கு ஒரு தனி நிலையே இருக்கிறது: ‘ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.’ பிறகு வங்கிகள் கணக்கை ஒத்துப் பார்த்து உண்மையைக் கண்டறிய வேண்டும்.

அந்தக் காத்திருப்புக்கு 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு விலை வைத்தது. ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் யுபிஐ பணம் கழிந்து வரவாகாவிட்டால் அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்த பணத்தில் உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலே. பாலத்தின் நடுவில் ஒரு ஏழையின் பணம் நின்றுபோனால் அதற்கு ஒருவர் பொறுப்பு என்று நாடு சொன்ன நாள் அது. இந்த வரலாற்றில் எந்தத் தொழில்நுட்பச் சாதனைக்கும் அது குறைந்ததல்ல என்பேன்.

ஆயிற்றா? ஆயிற்றா?

2016 டிசம்பரில் யுபிஐயில் நடந்தவை 20 லட்சம் பரிவர்த்தனைகள். 2019 அக்டோபரில் மாதம் 100 கோடியைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் 1,000 கோடி. 2025 ஆகஸ்டில் 2,000 கோடி. ஒவ்வொன்றுக்கும் பத்துச் செய்தி என்பதை வாசகர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுவதும் பல மணி நேரம் யுபிஐ தடுமாறியது. கொடுப்பனவுக் கழகம் ஆராய்ந்து சொன்ன காரணம், பணம் அனுப்பும் செய்திகளின் பெருக்கமல்ல. “அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?” என்று நிலை கேட்கும் செய்திகளின் வெள்ளம். வங்கிகளில் சில, பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன.

எந்தச் சுமையும் தாங்கும் என்று கட்டிய பாலத்தைக் கேள்விகள் அசைத்துவிட்டன. பதில் தாமதமானதும் கேட்டார்கள். கேட்டதால் மையம் இன்னும் தாமதமானது. அதனால் இன்னும் கேட்டார்கள். விதி பின்னர் இறுக்கப்பட்டது. ஒரு பரிவர்த்தனையின் நிலையை இரண்டு மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 3 முறை மட்டும், இடைவெளி விட்டுக் கேட்கலாம். ஜூன் 16 முதல் பணக் கோரிக்கைக்குப் பதில் தரவேண்டிய நேரம் 30 நொடியிலிருந்து 15 ஆகவும், நிலை கேட்பதற்கு 30 நொடியிலிருந்து 10 ஆகவும் குறைந்தது. ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒருவர் தன் கணக்கு இருப்பை ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் பார்க்க முடியாது. கேட்பவர்களுக்குக் கட்டுப்பாடு, சொல்பவர்களுக்குக் கெடு. இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவந்தார்கள்.

நான்கு இலக்கங்கள்

இந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்த நாள்களில் ஒரு மாலை, அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். தமிழ் பேசும் ஒரு அக்கா நடத்தும் கடை. டீயும் இரண்டு பன்னும் சேர்த்து 40 ரூபாய். போனில் ரகசிய எண்ணைத் தட்டினேன். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று வந்து நின்றது. என் வங்கியிலிருந்து 40 ரூபாய் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. கடையின் ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை.

“காசு போயிடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு, பாருங்கக்கா” என்றேன்.

“உங்களுக்குப் போயிருக்கும்ணா. எனக்கு இன்னும் வரலையே. டப்பா சொன்னாத்தான் கணக்கு” என்றார் அவர். குரலில் சந்தேகமில்லை, கோபமில்லை. வேறு காசு கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். “அந்த 12 நம்பர்ல கடைசி நாலு சொல்லுங்க.”

சொன்னேன். 40 என்று போட்டு, பக்கத்தில் நான்கு இலக்கங்களை எழுதினார். மேலே அதேபோல வேறு வரிகள். சிலவற்றின் மேல் கோடு இழுத்திருந்தார். அவை வந்து சேர்ந்தவை. கோடு இல்லாதவை இன்னும் வழியில் இருப்பவை. காத்திருப்பவர் யார், தொகை என்ன, எண் என்ன, முடிந்ததா இல்லையா: சர்வர்கள் பார்த்துக்கொள்ளும் பொதுக் குறிப்பேட்டில் இருக்கும் அத்தனையும் அந்த நோட்டில் இருந்தன. அவர் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்ததில்லை. வாங்கிக்கொண்டதும் முடிந்ததும் வேறு என்று, கடை நடத்தித் தெரிந்துகொண்டவர்.

மறுநாள் காலை அந்த வழியாகப் போனபோது என்னைப் பார்த்ததும் அவரே நோட்டைப் புரட்டினார். என் வரியின் மேல் கோடு விழுந்திருந்தது.

*அடுத்த வாரம்: பெங்களூரின் சர்வர்கள் குடியிருக்கும் கட்டடங்கள்.*

(தொடரும்)